சம்மதத்தோடு ஒரு திருட்டு

அன்று மழை பெய்ததா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வருஷம் தொண்ணூற்று மூன்றா, நான்கா என்பதிலும் சந்தேகம்தான். மராத்திக்காரர் ஊரான ஆகுர்டியின் போலீஸ் சௌக்கி பெஞ்சில், மடியில் கல் பிள்ளையாரோடு சுப்பையா உட்கார்ந்திருந்தது மட்டும் நிச்சயம்.

"மூர்த்தி யாருடையது?" என்று கேட்டார் ஹவல்தார்.

சுப்பையா பிள்ளையாரின் தும்பிக்கையைத் தடவினான். பக்கத்தில் மனைவி பவுன் நின்றிருந்தாள். அதுதான் சிக்கல்.

கல்யாணமாகி வெகுநாளாகியும் பவுனுக்குக் குழந்தை இல்லை. அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு எதிரே ஓர் அரசமரம் இருந்தது. அடியில் பிள்ளையார் இல்லை.

"வேற எடத்துல இருந்து திருடிட்டு வந்து வைக்கணுங்க. காசு குடுத்து வாங்கினா அது கடைச்சாமான். திருடிட்டு வந்தாத்தான் சாமி" என்றாள். அவள் ஊர் வழக்கம் அது.

சுப்பையாவோ ஸ்கூட்டர் பார்ட்ஸ் கம்பெனியில் டெம்பரரி. போலீஸ் கேஸ் என்றால் அதோடு வேலை போய்விடும். அதனால் ரோட்டோரம் அம்மி, உரல் விற்கும் பாபுராவிடம் ரகசியமாகப் போனான். அங்கே ஒரே ஒரு பிள்ளையார் இருந்தார். விலையைக் கொடுத்துவிட்டு, "மத்தியானம் வந்து திருடுறேன். நீ தூங்குற மாதிரி படுத்துக்க" என்றான்.

பாபுராவ் குறட்டையே விட்டான். பவுன் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் டீக்கடையில் நின்றவர்கள் "சோர்! சோர்!" என்று துரத்திப் பிடித்துவிட்டார்கள். அத்தனை கூச்சலிலும் பாபுராவ் கண்ணைத் திறக்கவில்லை. வாங்கிய காசுக்கு அவ்வளவு விசுவாசம்.

"பேசு! யாருடையது?"

"என்னோடதுதான் சாப். வாங்கிட்டேன்" என்று சுப்பையா இந்தியில் முணுமுணுத்தான்.

அந்த அளவு இந்தி பவுனுக்கும் தெரியும். "என்னது, வாங்கினீங்களா?"

"இல்ல சாப், திருடினேன்."

ஹவல்தார் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க சாப்! வேலை போயிரும்."

"அரே, திருடினியா இல்லியா?"

"திருடினேன். ஆனா சொல்லிட்டுத் திருடினேன்."

ஹவல்தார் பேனாவை மூடினார். "சொந்தக்காரன் சம்மதிச்சா அது திருட்டே இல்ல. சம்மதம் இருக்கக் கூடாது. உன் மனசுல கெட்ட எண்ணம் இருக்கணும். அப்பதான் குற்றம்."

சுப்பையா பவுனின் முகத்தைப் பார்த்தான். "கெட்ட எண்ணம் கொஞ்சம் இருந்துச்சு சாப்."

"கொஞ்சம்னு எல்லாம் சட்டத்துல கிடையாது."

சுப்பையா ஹவல்தாரின் காதருகே குனிந்தான். "அப்ப கேஸ் போடாம, திருட்டுன்னு வாயால மட்டும் சொல்லிருங்க சாப். அவ காதுல விழுந்தாப் போதும்."

"திருட்டு இல்லேன்னு சொல்லச் சொல்லிக் கெஞ்சுறவனைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்" என்ற ஹவல்தார், பாபுராவுக்கு ஆள் அனுப்பினார்.

பாபுராவ் மூச்சு வாங்க ஓடிவந்தான். யாரும் கேட்கும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டான். "திருட்டு இல்ல சாப்! நானே வித்தது. கேஸும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம்."

அத்தோடு சுப்பையா நிரபராதி ஆனான்.

பிள்ளையாரைத் தோளில் சுமந்தபடி திரும்பி நடந்தான். பின்னால் பவுன். ஷிப்ட் விட்டு வந்த லூனாக்களும் சைக்கிள்களும் அவர்களைக் கடந்து போயின.

"ஒரு திருட்டுகூட ஒழுங்கா வராதா ஒங்களுக்கு?" என்றாள் கடைசியில். கண் கலங்கியிருந்தது.

வேறு வழியின்றி அந்தப் பிள்ளையாரையே மரத்தடியில் வைத்தார்கள். கொஞ்ச நாள் பவுன் விளக்கேற்றவில்லை. போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்ப்பாள். அவரும் பார்ப்பார். பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, ஏற்றினாள். மறு வருஷம் பெண் பிறந்தது.

"காசு குடுத்து வாங்கின பிள்ளையாருக்கும் மனசு இருக்குதுங்க" என்றாள் பவுன். பிற்பாடு எல்லோரிடமும் அதையே சொன்னாள்.

ஹவல்தார் ரிட்டயராகிச் சொந்த ஊருக்குப் போனார். சுப்பையா பெர்மனென்ட் ஆனான். பாபுராவ் காலமானான். ரோடு அகலமானபோது அரசமரம் போயிற்று; பிள்ளையார் சந்துக்குள் ஒரு சின்னக் கோயிலுக்குக் குடிபோனார். மகள் மராத்தியில் சண்டை போட்டு, தடுக்கித் தடுக்கித் தமிழ் பேசி வளர்ந்தாள். அவள் பத்தாவது பாஸான அன்று பவுன் அங்கே பொங்கல் வைத்தாள். பாபுராவின் மனைவியும் வந்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரு கையால செதுக்கினவரு" என்று பவுன் பிரசாதத்தை நீட்டினாள்.

அந்த அம்மாள் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தாள்.

"அவருக்கு உளி பிடிக்கவே தெரியாதேம்மா! இவரைச் சாத்தாரா பக்கம் ஒரு மரத்தடியில இருந்துதானே திருடிட்டு வந்தாரு."