ஆணியில் தொங்கிய வீடு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே கல்லும் மண்ணும் இல்லாமல் வீடு கட்டி, அதில் ரொறன்ரோக்காரரையும் லண்டன்காரரையும் குடியேற்றிய ஒரே மனிதர் எங்கள் டொட்கொம் அண்ணைதான். அவருடைய உண்மைப் பெயர் எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அப்போது மயிலிட்டித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். கொக்குவிலில், ரயில் போனால் கட்டில் நகரும் ஒரு அறையில் நானும் அவரும் இருந்தோம். சாப்பாடு பாணும் பால் விடாத பிளேன்ரீயும். பாண் இல்லாத நாளில் இரண்டு பிளேன்ரீ.

அவர் தன் சித்திரம் என்று சொன்னது ஓர் இணையப் பக்கம். திறந்தால், வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு போல ஒரு வீடு இருட்டில் நிற்கும். உலகத்தில் எங்காவது யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரு யன்னலில் வெளிச்சம் வரும். மூடினால் அணையும். ஆனால் அவரவர் யன்னல் அவரவருக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும்.

"அப்ப எனக்கு என்ன லாபம்?" என்று கேட்டேன்.

"உனக்கில்லை. மற்றவனுக்கு" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒருநாளும் அதை நான் திறக்கவுமில்லை.

நகரத்துச் சித்திரக் கண்காட்சியில் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிவத்தில் படத்தின் நிறை எத்தனை கிலோ என்ற இடத்தில் அண்ணை, "பார்ப்பவரைப் பொறுத்தது" என்று எழுதியிருந்தார். தலைமை நடுவர் ஒரு பழைய சித்திர வாத்தியார். "ஆணியிலை தொங்காதது சித்திரம் இல்லை" என்று முடித்துவிட்டார்.

கொழும்பில் தரைக்குப் பதிக்கும் ரைல்ஸ் கடை வைத்திருந்த தன் அக்காவுக்கு அண்ணை வாக்குக் கொடுத்தார். மூன்றாம் முறையும் ஏற்காவிட்டால் பக்கத்தை அழித்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுவதாக. அவர் சொன்னால் செய்கிற ஆள். அதுதான் பயம்.

வீட்டுக்காரரின் கலியாணப் படச் சட்டத்தை இரவல் வாங்கி, மணமக்களைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அதற்குள் ஒரு ரப்லெற் கணினியைப் பொருத்தினார். நிறை என்ற இடத்தில் இம்முறை ஒன்றேகால் கிலோ. மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. ஆகவே வெளியே யன்னலோரத்து மாமரத்தில் என்னை ஏற்றி, என் போனிலிருந்து உள்ளே இணைப்புக் கொடுக்கச் சொன்னார். "தொடாதை. லைன் அறுந்தால் எல்லாம் போச்சு."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நடுவர்கள் சுற்றி வருவதாக ஏற்பாடு. அந்த நேரத்துக்குப் பக்கத்தைத் திறக்கும்படி வெளிநாடு முழுக்கச் செய்தி அனுப்பியிருந்தார். பத்தரைக்கு முப்பது யன்னல் எரிந்ததாம். அப்போதுதான் யாரோ ஒருவர் கலண்டரைப் பார்த்து, இராகு காலம் என்று சொன்னார். கண்காட்சியைத் தொடக்கிவைக்கும் விளக்கேற்றல் பன்னிரண்டுக்குப் போனது. நடுவர்கள் கதிரையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார்கள். ரொறன்ரோக்காரர் நித்திரைக்குப் போனார்கள். லண்டன்காரர் வேலைக்குப் போனார்கள். மாமரத்து முசுறு எறும்பு என்னைக் கடித்தது.

பன்னிரண்டு தாண்டி வாத்தியார் வந்தார். கிளைக்குள்ளால் அவரின் முதுகு தெரிந்தது. சட்டத்தைக் கொஞ்சம் தூக்கிப் பின்னால் பார்த்தார்.

"ஆணி சரி. படம் எங்கை, தம்பி?"

வீடு முழு இருட்டு. அண்ணை ஓரமாக விலகி நின்றார். பக்கத்தில் நின்று கதை சொன்னால் அது படமில்லை என்பது அவருடைய பிடிவாதம். வாத்தியார் பேனையின் மூடியைக் கழற்றினார்.

என் போனில் பற்றரி நூற்றுக்கு நாலு. தொட்டால் லைன் அறுந்துவிடலாம். தொடாவிட்டால் ரைல்ஸ் கடை. தொட்டேன். அந்தப் பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது.

உள்ளே, சட்டத்திலிருந்த வீட்டில், ஒரே ஒரு யன்னலில் வெளிச்சம் வந்தது.

வாத்தியார் கையை நிறுத்தினார். "ஆர் உது?"

"என்ரை அறைக்காரன், சேர். மரத்திலை நிக்கிறான்."

வாத்தியார் வெளியே திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அந்த மஞ்சள் யன்னலைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். "உவனை இறங்கச் சொல்லாதை" என்றார். அடுத்த நிமிடம் என் போன் செத்தது. அதற்குள் அவர் எதையோ எழுதி முடித்திருந்தார்.

பரிசு இல்லை. மண்டபக் கதவில் ஒட்டிய, ஏற்கப்பட்ட சித்திரங்களின் பட்டியலில், கடைசி வரியில், 'ஏனையவை' என்ற பிரிவில் டொட்கொம் அண்ணையின் பெயர் இருந்தது. அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்குப் பாணுக்குச் சம்பலும் வாங்கினார்.

அதற்குப் பிறகு நான் பல ஊர் மாறிவிட்டேன். இப்போது வல்வெட்டித்துறையில் வள்ளங்களுக்கு வண்ணம் பூசுகிறேன். வேலை முடிந்து கை கழுவியதும் அண்ணையின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். என் யன்னல் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.