கத்தரியோடு சொன்ன வணக்கம்

ஒருவன் மாப்பிள்ளை ஆனதும், உலகத்தில் தன்னால் செய்ய முடியாத வேலையே இல்லை என்ற நம்பிக்கை அவனுக்குத் தானாக வந்துவிடுகிறது. வேறு யாருக்கும் அந்த நம்பிக்கை இருப்பதில்லை. ஆனால் மாமியார் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் சொந்த ஊர் வாழப்பாடி. எங்கள் வீட்டில் நான் ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்தாலே, "அதக் கீழ வைடா, செவுரு பாவம்" என்பாள் அம்மா. பெண் எடுத்தது ராசிபுரத்தில். அங்கே எல்லாமே தலைகீழ். மாமியார் என்னை "மாப்பிள்ளைங்க" என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை சமையலறைக் குழாயைச் சரி செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, அதைக் கழுத்தோடு உடைத்துவிட்டேன். வீடெல்லாம் தண்ணீர். மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பரவால்லீங்க மாப்பிள்ளைங்க, எப்படியும் ஊடு கழுவோணும்னுதான் இருந்தேன்" என்றார். இப்படிப் பேசினால் ஒரு மனிதன் எப்படித் திருந்துவான்?

மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமியாரும் சின்ன மகள் நித்யாவும்தான். நான் சேலத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமையானால் நானும் என் மனைவி சுகன்யாவும் ராசிபுரத்துக்குப் போய்விடுவோம்.

வீட்டைச் சுற்றி மருதாணி வேலி. அதை மட்டம் தட்டி வெட்டுவது மாமியாருக்குப் பிடித்த வேலை. அதற்கென்று நீளமான கைப்பிடி வைத்த பெரிய கத்தரி ஒன்று வைத்திருந்தார். கைப்பிடி இரண்டிலும் ஸ்பாஞ்ச் கிரிப் மாட்டியிருக்கும். புதிதாக வாங்கியபோது மெத்து மெத்தென்று இருந்ததாம். நான் பார்த்தபோது அது நொறுங்கிப்போய், பிடித்தால் உள்ளங்கை முழுக்கக் கரி அப்பும் நிலையில் இருந்தது. மாமியார் அதன்மேல் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அப்படியும் அவர் உள்ளங்கையில் கொப்புளம். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான் (நான் படித்தது பி.காம்).

"அத்தை, இந்தக் கிரிப்பை நான் மாத்தித் தரேன்" என்றேன்.

மாமியார் ஒரு நொடி சமையலறைக் குழாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "செய்யுங்க மாப்பிள்ளைங்க" என்றார்.

அது எப்பேர்ப்பட்ட சனிக்கிழமை என்பதைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலை நித்யாவைப் பெண் பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து வருகிறார்கள். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடும் குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது. நேரில் பார்த்து மனதுக்குப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிடுவதாகப் பேச்சு. இதற்கு முன்னால் வந்த ஓர் இடம் கிட்டத்தட்ட முடிந்து, கிளம்புகிற நேரத்தில் யாரோ தும்மிவிட்டார்கள் என்பதற்காக நின்றுபோயிருந்தது. அதிலிருந்து மாமியார் சகுனம் என்றால் நடுங்குவார். நித்யாவுக்கோ இந்தப் பையனைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்த ஒரு போட்டோவைப் பார்ப்பதற்காகவே அக்காவின் செல்போனை அடிக்கடி இரவல் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆண் துணை இல்லாத வீடு என்பதால் வாசலில் நின்று சம்பந்திகளை வரவேற்கும் பொறுப்பு மூத்த மாப்பிள்ளையான என்னுடையது.

ஒரு டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பைக்குக்கு மாட்டுகிற ஸ்பாஞ்ச் கிரிப் ஒரு ஜோடி வாங்கினேன். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை மாட்டப் பார்த்தால் உள்ளே போக மறுத்தது. வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் தடவச் சொன்னார்கள். சோப்புத் தண்ணீருக்கே போகுமென்றால் எண்ணெய்க்கு இன்னும் எப்படிப் போகும் என்று நான் ஒரு படி மேலே போய் யோசித்தேன். விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். (எங்கள் ஊர்ப் பக்கம் ஆளைத் திட்டுவதற்கும் விளக்கெண்ணெய் என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.) கிரிப் வழுக்கிக்கொண்டு போய்ச் சும்மா ஜம்மென்று உட்கார்ந்தது.

சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது என்கிற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

மாமியார் கத்தரியை வாங்கி இரண்டு வெட்டு வெட்டிப் பார்த்தார். கிரிப் அவர் கைக்குள்ளேயே சுழன்றது. "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு, கிரிப்பைத் தொடாமல் அதற்கு மேலே இருக்கும் வெறும் இரும்பைப் பிடித்து வெட்ட ஆரம்பித்தார். புது கிரிப் அழுக்காகிவிடக் கூடாது என்று பத்திரமாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளை வேட்டி சட்டையில் வாசலுக்கு வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் வேலியில் மருதாணிக் கொப்பு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. சம்பந்திகள் கண்ணில் முதலில் படப்போவது அதுதானே என்று கத்தரியை எடுத்துவந்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். கொப்பு அப்படியே இருந்தது. கத்தரியின் இரண்டு கிரிப்பும் என் கைகளில் இருந்தன. கத்தரி மட்டும் கீழே கிடந்தது.

அப்போதாவது அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்தில் போட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. எண்ணெயைத் துணியால் துடைத்தேன். வீட்டில் உடைந்த சாமி படத்தை ஒட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த அவசரப் பசை இருந்தது. வைத்தவுடன் பிடித்துக்கொள்ளும் ரகம். கைப்பிடி இரண்டிலும் அதைப் பிதுக்கி, கிரிப்பைத் தள்ளிவிட்டேன். 'சற்று நேரம் நன்றாக அழுத்திப் பிடிக்கவும்' என்று ட்யூபில் எழுதியிருந்தது. ஒன்றொன்றாக எதற்குப் பிடிக்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால் வேலை முடிந்தது என்று இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தேன்.

ஸ்பாஞ்ச் என்பது ஓட்டை ஓட்டையாக இருக்கும் பொருள். நான் பிதுக்கிய பசை அத்தனை ஓட்டை வழியாகவும் வெளியே வந்து என்னைச் சந்தித்தது.

கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். தோல்தான் வந்துவிடும் போலிருந்தது. "சுகன்யா!" என்று கத்த வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. ரோடு காலியாக இருந்ததாம். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைப் பையனின் அப்பா முதலில் இறங்கினார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கை கூப்பி, "வணக்கமுங்க" என்றார்.

சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். ஒருவர் கும்பிட்டால் என் கைகள் தானாகக் கூடும். கூடின. கைப்பிடிகள் ஒன்றுசேர, அவர் மூக்குக்கு எதிரே கத்தரி "சரக்" என்று மூடியது.

பெரியவர் ஓர் அடி பின்வாங்கினார். பையன், அதாவது பிரபு, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். நிலைமையைச் சமாளிக்க நான் சிரித்தேன். கையில் பெரிய கத்தரியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஆளைப் பார்த்து யாருக்கும் தைரியம் வராது என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

இதற்குள் பையனின் அம்மா தட்டோடு முன்னால் வந்துவிட்டார். தட்டில் பழம், தேங்காய், மேலே பந்தாகச் சுருட்டிய மல்லிகைப் பூ. பூச்சரத்தின் நுனி தட்டிலிருந்து நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "வணக்கமுங்க தம்பி" என்றார் அந்த அம்மா. கும்பிடவே கூடாது என்று என் மூளை கைகளுக்குச் சொல்லி அனுப்பியது. அது போய்ச் சேருவதற்குள் கைகள் கும்பிட்டுவிட்டன.

"சரக்."

பெண்ணுக்கு வைக்கக் கொண்டுவந்த பூ. வெட்டுப்பட்ட சரம் அவர் காலடியில் விழுந்தது.

 வாசலுக்கு வந்திருந்த மாமியார் அதைப் பார்த்தார். தும்மலுக்கே நின்றுபோன சம்பந்தம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் வெளிறிப்போயிற்று. பிறகு அந்த வீட்டில் நான் அதுவரை கேட்டேயிராத ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க மாப்பிள்ளைங்க, உங்களுக்குப் புத்தி கித்தி ஏதாச்சும் இருக்குதுங்களா? பூவுலயா கத்திரிய வெப்பீங்க? எம்புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! மொதல்ல அதக் கீழ வைங்க!"

"வைக்க முடியல அத்தை" என்றேன். "ஒட்டிக்கிச்சு."

அப்படியே வேலிக்குள் புகுந்து மருதாணியாகவே ஆகிவிடலாம் போலிருந்தது. என் மானம் போனதுகூடப் பெரிதில்லை. ஜன்னலுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் நித்யா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

பையனின் அம்மா குனிந்து பூவை எடுத்தார். தூசியைத் தட்டினார். அதைத் தன் முழங்கையோடு சேர்த்துப் பிடித்து அளந்து பார்த்தார்.

"போச்சாதுங்க, விடுங்க" என்றார். போனால் போகிறது என்பதற்கு இந்தப் பக்கத்தில் இப்படித்தான் சொல்வார்கள். "தலைக்கு வெக்கறதுன்னா மொழம் போட்டு அறுத்துத்தான ஆவோணும்? பந்தோடயா வெக்க முடியும்? தம்பி வாசல்லயே அறுத்துக் குடுத்துட்டாரு. பாருங்க, கரெக்டா ஒரு மொழம்."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அது எந்த அழுகை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் அழுதுகொண்டே சிரித்தார்.

என்னை அப்படியே முன்னறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "தலையைக் குனிஞ்சுக்கிட்டு வா, வாயைத் திறக்காதே" என்று நித்யாவுக்கு முதல்நாளே பாடம் நடத்தியிருந்தார்கள். அவள் காபித் தட்டோடு வரவேண்டியவள், நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கத்தரி மூடிவிடாமல் இருக்கப் பிரபுவும் வந்து மறுபக்கம் உட்கார்ந்து அதன் நுனிகளைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, வலிக்குதுங்களா?" என்று என்னைக் கேட்டான்.

"அவருக்கு வலிக்கட்டுமுங்க" என்றாள் நித்யா, பஞ்சை என் விரலிடுக்கில் விட்டுக்கொண்டே. "நீங்க கூர்ப்பக்கம் கைய வெக்காதீங்க." வருங்காலக் கணவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"எனக்கும் ஒருக்கா இப்படித்தானுங்க ஆச்சு" என்றான் அவன். "ரிக் வண்டியில சீட்டுக் கிழிசல ஒட்டப் போயி, சட்டையோட சீட்ல ஒட்டிக்கிட்டேன். சட்டையக் கழட்டிப்போட்டுட்டுத்தான் எறங்குனேன்."

"அப்பறம் சட்டைய எப்படி எடுத்தீங்க?"

"எங்கீங்க எடுத்தேன்? இன்னமும் சீட்லதான் இருக்குது."

நித்யா வாய்விட்டுச் சிரித்தாள். பெண் பார்க்கிற வீட்டில் பெண் அப்படிச் சிரிக்கக் கூடாது. ஆனால் அன்று அந்த வீட்டில் செய்யக் கூடாதது என்று என்ன மிச்சம் இருந்தது? ஒவ்வொரு விரலாக நான் விடுபட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் அவசரப்படவில்லை. கடைசிச் சுண்டுவிரல் எப்போதோ விடுபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் நித்யா பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தாள், அவன் கத்தரியைப் பிடித்துக்கொண்டே இருந்தான். நான் நடுவில் கையை நீட்டிக்கொண்டு பெருந்தன்மையாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு முழத்தைத்தான் அன்று நித்யாவின் தலையில் வைத்தார்கள். கல்யாணமும் ஆயிற்று. அன்றிலிருந்து மாமியார் என்னைத் தயங்காமல் திட்டுகிறார். "அந்த ஸ்க்ரூ டிரைவரத் தொடாதீங்க மாப்பிள்ளைங்க" என்று அவர் அதட்டும்போதெல்லாம், சொந்த வீட்டில் இருப்பது போல எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. பிரபுவின் அம்மா, நான் ராசியான கைக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இளைய மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, பூவை நான்தான் அறுத்துத் தரவேண்டும் என்று கார் அனுப்பிக் கூட்டிப்போனார். அதுவும் முடிந்தது. பிறகு அவருடைய நாத்தனார் மகள், பக்கத்து வீட்டுப் பெண் என்று வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "இத்தனை வருசத்துல இன்சூரன்ஸ் எடுக்கோணும்னு ஒருத்தராச்சும் உங்களத் தேடி வந்தாங்களா?" என்று சுகன்யா கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள்.

போன வாரம் பரமத்தியிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மா போன் செய்தார். பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறதாம்; வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்திலிருந்து வருகிறார்களாம். நான் வந்து ஒரு முழம் அறுத்துக் கொடுத்தால் போதும் என்றார். வருகிறேன் என்று சொன்னேன். போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஒண்ணு கேக்கோணுமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் கத்திரி கையில ஒட்டியிருந்தாத்தான் பலிக்குமுங்களா, இல்ல சும்மா புடிச்சுட்டு வந்தாலே போதுங்களா?"

சும்மா பிடித்துக்கொண்டு வந்தாலே போதும் என்று சொல்லியிருக்கிறேன்.