கடல் உயிர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஊரும் இல்லாத, ஊருக்கு ஒரு ராஜாவும் இல்லாத காலத்தில் ஒரு கடல் இருந்ததாம். அதில் கண்ணுக்கே தெரியாத உயிர்கள் கோடி கோடியாய் மிதந்தன. செத்தன. அடியில் போய்ச் சேற்றில் புதைந்தன. மேலே மண் ஏற ஏற, அழுத்தத்திலும் சூட்டிலும் வெந்து எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் ஆயின. அவை இவ்வளவு பாடுபட்டது, நான் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குக் காரில் போகத்தானா?

இதைத்தான் வெள்ளிக்கிழமை இரவு என் மனைவியிடம் கேட்டேன். எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் பாறைத்தூளைக் கழுவி, அந்த உயிர்களின் ஓடுகளை மைக்ராஸ்கோப்பில் தேடுவது என் வேலை. அதனால் தொண்டை கம்முவதுபோல் நடிக்கச் சிரமமே இல்லை. உண்மையில் எனக்குத் தூங்க வேண்டும்.

"அய்யோ பாவம். புதுசா எண்ணெய் ஊற எத்தனை வருஷமாகும்?"

"கோடிக்கணக்குல ஆகும்மா."

"அப்போ அம்மாவைப் பார்க்கப் போக வேணாம்ங்கிறீங்க."

"நான் சொல்லலை. அதுங்க சொல்லுது."

தலையாட்டினாள். கல்யாணமான பிறகு நான் ஜெயித்த முதல் வாக்குவாதம். போர்வைக்குள் சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

ஞாயிறு காலை மணி அடித்தது. வாசலில் மாமியார். கையில் இரண்டு பெட்டி, காலெல்லாம் புழுதி.

"பஸ்ல வந்துட்டேன் மாப்பிள்ளை. நான் ஏறாட்டியும் அது ஓடுற வண்டிதானே. டாக்சிகூடப் பிடிக்காம நடந்தே வந்தேன். நீங்க அழுதீங்களாமே? கடல் பூச்சிக்கே அழுறவரு என் பொண்ணை எப்படித் தாங்குவாருன்னு எங்க தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் என் நாக்குக்கு மானம் கிடையாது. "எப்போ அத்தை திரும்பி..."

மனைவி முந்திக்கொண்டாள். "திரும்பிப் போகவும் எண்ணெய் வேணுமே. ஊறட்டும். ஊறினதும் போவாங்க."

காது சுட்டது. அந்தப் புழுதிக் காலைப் பார்க்கப் பார்க்க பொய்யைப் பிடித்துவைக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அத்தை, நான் அழவே இல்லை. தூங்கணும்னு சொன்ன பொய் அது."

"தெரியும் மாப்பிள்ளை." குரலைத் தாழ்த்தினார். "போன்லயே சொல்லிட்டா. உங்களை ரொம்பப் புகழணும்னும் சொன்னா. வெட்கம் வந்துட்டா உங்களுக்கு மறுபேச்சு வராதாம்."

பெட்டி இரண்டையும் வாங்கி உள்ளே வைத்தேன்.

"பஸ்ல பொட்டுத் தூக்கம் இல்லை. உங்க கட்டில் எந்தப் பக்கம்?"

கை காட்டினேன். அத்தை போனார். பின்னாலேயே, என் தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டே, மனைவியும் போனாள்.