டாக்ஸிக்காரரிடம் சொல்லக் கூடாத வார்த்தை

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆவல் நிஜம். நலத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். போனில் தட்டச்சு செய்ய எனக்கு விரல் வணங்காது என்பதால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பழியை மேஜை மீது போடவும். கண்ணாடி மேஜை. எழுதும்போது என் காலே எனக்குத் தெரிகிறது.

முதலில் முக்கியமான விஷயம். என் வீட்டை அந்தக் கணக்கு வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டுவிடுங்கள். மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில் இருக்கிறார்கள், மூன்று பேரிடமும் தங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதா இல்லையா என்று சொல்கிறேன் என்றுதானே சாவியை உங்களிடம் கொடுத்தேன். அந்த மனுஷனும் பாவம், இரண்டு மாதமாக உங்கள் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார். பார்த்துவிட்டேன். இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு. திரும்பும் டிக்கெட் தேதி போடாமல் பெட்டியில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

வெளிநாடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்த வெளிநாடு மூன்று டாக்ஸிகளின் பின் சீட்டுதான். மூன்று விமான நிலையத்திலும் என்னை அழைத்துப்போக வந்தது டாக்ஸிக்காரர்கள்தான், பிள்ளைகளுக்கு வேலை. முதல் நாட்டில் டிரைவர் என் பெயரை அட்டையில் தப்பாக எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்த கை சும்மா இருக்குமா? பேனாவை எடுத்து அந்த அட்டையிலேயே திருத்தினேன். வந்தது வினை. அவர் போனில் இருந்ததும் தப்பான பெயர்தான், அட்டையில் இருப்பது இப்போது வேறு ஆள், அதனால் என்னை ஏற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டார். அரை மணி நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு, என் திருத்தத்தை நானே அடித்து, தப்பான பெயரோடு ஏறி உட்கார்ந்தேன். பெரியவன் வீட்டு வாசலில் இறங்கி, நம் வழக்கப்படி போயிட்டு வரேன் என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். இரண்டு மணி நேரம் கழித்துப் பெரியவன் வந்து பார்த்தால் டாக்ஸி அங்கேயே நிற்கிறது.

"அப்பா, அந்தாள்கிட்ட என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன்."

"அதான் வருவீங்கன்னு நிக்கிறான். இங்கெல்லாம் பைன்னு சொன்னா போதும்பா."

தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். அன்றைக்கு ஆரம்பித்த முகக் கோணல், ஐந்து வாரம் கழித்து, "தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருங்களேன்" என்பதில் முடிந்தது. உங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளை, எனக்கு ஏன் அந்த வார்த்தையை விட முடியவில்லை என்று. உங்கள் அக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கால் பக்கம் பிடித்திருந்தது நீங்கள்தானே. "போறேங்க" என்றாள். "போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்று திருத்தினேன். கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் திருத்தத்தைச் சொன்னாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அதிலிருந்து எவனிடமும் போறேன் என்று சொல்ல வாய் வருவதில்லை.

இரண்டாவது நாட்டு டாக்ஸியில் டிரைவருக்கும் எனக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. அவருடைய போன் ஒன்று நான் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை எனக்கும் ஒரு பெண் குரலில் மொழிபெயர்த்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வீடு எங்கேப்பா என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். "நீங்கள் அமர்ந்திருப்பது" என்றது பெண் குரல். இயந்திரம் உளறுகிறது என்று சிரித்தேன். பிறகு காலடியில் பார்த்தால் மடித்த போர்வை, பல் துலக்கும் பிரஷ், ஒரு ஜோடி செருப்பு. அதன் பிறகு சீட்டில் சாய்ந்துகொள்ளவே கூச்சமாக இருந்தது. இறங்கும்போது போயிட்டு வரேன் என்று பாழாய்ப்போன வாய் சொல்ல, அந்தப் பெண் குரல் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்து வைத்தது. அவரும் நின்றார். மகள் கோபிக்கவில்லை. எனக்கு ஒதுக்கிய இஸ்திரி போடும் அறையைக் காட்டினாள், துணி எடுக்க வருபவர்கள் கதவைத் தட்டிவிட்டு வருவார்கள் என்றாள். தட்டினார்கள், குறை சொல்ல முடியாது. மூன்றாம் வாரம், "தம்பி உங்கள ரொம்பக் கேக்கறான்ப்பா" என்றாள். தம்பியிடம் கேட்டால், "அக்காதான் அனுப்பறேன்னு சொன்னா" என்றான். ஒரு பிரதியில் இருப்பது மறுபிரதியில் இல்லை.

இன்று காலை மூன்றாவது நாடு. டாக்ஸி ஓட்டியது ஒரு அம்மா, என் வயது இருக்கும். வழியெல்லாம் பேச்சு. அவருடைய ஆங்கிலத்தை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"உங்கள யாரு எதிர்பாத்துட்டு இருக்காங்க?"

"என் கடைசிப் பையன்."

"அப்புறம் ஏன் கூட்டிட்டுப் போக வரல?"

"அவனுக்கு வேலை."

"எனக்கும் ஒரு பையன் இருக்கான். அவனுக்கும் வேலைதான்."

இந்த முறை நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். இறங்கியதும் அது தானாக வந்துவிட்டது. அந்த அம்மா, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். அசடு வழிந்துகொண்டே உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

கடைசிப் பையன் வீட்டில் இல்லை. கதவுப் பூட்டில் அழுத்த வேண்டிய நம்பரைப் போனில் சொன்னான், திறந்துகொண்டேன். கண்ணாடி மேஜை மேல் ஒரு விண்ணப்பம், பக்கத்தில் துண்டுச் சீட்டு. "அப்பா, சாயங்காலம் பேசலாம். படிச்சிட்டு கையெழுத்து போட்டு வைங்க." இந்த ஊரில் முதியோர் இல்லம் ஒன்று. தோட்டம் இருக்கிறதாம், மணி அடித்தால் ஆள் வருவார்களாம். மூன்று பேரும் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரியவனுடைய தேதியைப் பார்த்தேன். நான் இன்னும் அவன் வீட்டில் இருந்தபோதே போட்டது. மூன்று பேரும் சேர்ந்து ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை, அந்த வகையில் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. ரொம்ப வலிக்கிறது, மாப்பிள்ளை. ஆனாலும் பிள்ளைகள் நல்லதுக்குத்தான் செய்திருப்பார்கள். ஊரில் மட்டும் எனக்கு யார் இருக்கிறார்கள்? எனவே வாத்தியாரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் அக்காவின் படத்தை மட்டும் சுவரிலிருந்து எடுத்து உங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அனைவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க இந்தக் கிழவனின் ஆசிகள். உங்கள் பிள்ளைகளை அதிகம் படிக்க வைக்காதீர்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: படம் பிடிக்க வெளிச்சம் தேடி ஜன்னலுக்குப் போனேன். டாக்ஸி கீழேயே நிற்கிறது. அந்த அம்மா கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே நீட்டி, மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாட்டில் என் வார்த்தையை நம்பி நின்றவர்கள் டாக்ஸிக்காரர்கள் மட்டும்தான். பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை, டிக்கெட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வாத்தியாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள், வீடு கிடையாது. படம் சுவரிலேயே இருக்கட்டும். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் போயிட்டு வரேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை போறேன் என்று எழுதிவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் தெரிந்தே திருத்தாமல் விட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான். எந்த விமானம் என்று விமான நிலையத்துக்குப் போய்த்தான் தெரியும், தெரிந்ததும் போன் செய்கிறேன். டாக்ஸி அனுப்ப வேண்டாம். நீங்களே வாருங்கள்.