துரையின் வெள்ளி முகம்

பேரரசுகள் பீரங்கியால் நிற்பவை அல்ல, பதக்கங்களால் நிற்பவை. மலாக்காவின் மெர்லிமாவ் வட்டாரத்தில் இந்த உண்மையை முதலில் உணர்ந்தவர், புக்கிட் செராயா ரப்பர் தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி நவரட்ணம்.

அது 1952. அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டு கொரில்லாக்களுக்குச் சோறு போய்விடும் என்று, தோட்டத்து முள்வேலியைத் தாண்டி ஒரு பிடி சோற்றுக்கும் அனுமதி இல்லை. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்குகிறவர்கள் விடியுமுன் வாசலில் சோதிக்கப்பட்டு, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய், பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பினார்கள்.

ஒருநாள் அவர்களில் ஒருத்தியான இருசம்மாள் முப்பத்தொன்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள்.

“ஐயா, நாங்க சோறு கொண்டு போகல. பத்து மணிக்கு நீங்களே லோரியில ஏத்தி, கூடவே போலீசையும் ஏத்தி அனுப்புங்க. அவங்க கண்ணு முன்னால தின்னுட்டு, சட்டியக் கழுவிக் குடுத்துர்றோம்.”

“லொறிக்கு வேற வேலை கிடக்கு,” என்றார் நவரட்ணம்.

“நேத்து மங்களம் மரத்தடியில மயங்கி விழுந்துட்டாய்யா.”

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்த நவரட்ணம் அன்றே கூட்டம் கூட்டினார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தலைமை வகித்தார். மூன்று மணி நேரம். இரண்டு முறை தேநீர், கேக். பசியைப் பொறுக்கும் ‘விசுவாசத்தை’ப் போற்றி, நாற்பது பேருக்கும் வெள்ளிப் பதக்கம் வழங்குவதென ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அதில் யார் முகம் பொறிப்பது என்ற கேள்வி எழுந்தது. துரை வெட்கத்தோடு தம் புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வேலை மலாக்கா டவுன் அய்யாவு பத்தருக்குப் போனது. கோயில்களுக்கு வெள்ளி வேலை செய்கிறவர். அவரை அழைத்துவர லோரி ஒருமுறை டவுனுக்குப் போனது. வெள்ளி வாங்க ஒருமுறை. துரையின் மூக்கைத் திருத்த ஒருமுறை.

“காசு மாதிரி தடிப்பா வராதுங்க, வெள்ளி காணாது,” என்றார் பத்தர். “தகடாத் தட்டிரலாம். முகம் மட்டும் புடைச்சு நிக்கும்.”

“மெல்லிசெண்டா என்ன? விசுவாசத்தைத் தராசிலயோ நிறுக்கிறது?” என்றார் நவரட்ணம்.

பத்தர் பித்தளையில் அச்சு வெட்டினார். அதன்மேல் தகட்டை வைத்து, ஈயக்கட்டியால் அடித்தார். நாற்பது அடி, நாற்பது துரை. கோயில் வேலை பழகிய கை, கண்களைக் கொஞ்சம் பெரிதாக விழிக்க வைத்துவிட்டது. துரைக்கு அது பிடித்திருந்தது.

விழாவில் நவரட்ணம் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். தொழிலாளர்களில் ஒருவர்கூட மறுப்புத் தெரிவிக்கவில்லை. இருசம்மாள் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விழாவுக்கு வந்திருந்த பத்தரிடம் போனாள்.

“நெசமாவே வெள்ளிதானா, பத்தரே?”

“சுத்த வெள்ளிம்மா.”

“அப்ப சரி.”

அந்த வெள்ளிக்கிழமை நாற்பது பேரும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வரிசையாக நின்றார்கள். பதக்கத்தை ஆளுக்கு மூன்று முறை தலையைச் சுற்றி உண்டியலில் போட்டார்கள்.

சேதி கேட்ட துரைக்குக் கண் கலங்கியது. தம் நலனுக்காகக் கூலிகள் தெய்வத்துக்கு வெள்ளி செலுத்துகிறார்கள்! லண்டனுக்கு உடனே எழுத வேண்டும், விவரம் வேண்டும். நவரட்ணம் ஞாயிறுதோறும் தேவாலயம் போகிறவர். மாரியம்மன் சங்கதி அவருக்குத் தெரியாது. லோரி நான்காம் முறையாக டவுனுக்குப் போய்ப் பத்தரை ஏற்றிவந்தது.

துரை பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

“சொல்லும், பத்தர்,” என்றார் நவரட்ணம். “இது என்ன மாதிரி நேர்த்திக்கடன்?”

“நோவுக்குப் போடுறதுங்க. கண்ணு நொந்தா கண்ணு செஞ்சு போடுவாங்க. காலு நொந்தா காலு. எது படுத்துதோ, அத வெள்ளியில செஞ்சு ஆத்தாகிட்ட குடுத்துட்டா, அது நம்மள விட்டுப் போயிரும்.”

மொழிபெயர்க்க வாயைத் திறந்த நவரட்ணம் அதை மூடினார். துரை எழுதக் காத்திருந்தார்.

“அப்பிடியெண்டா அவையள் வயிறெல்லோ செய்து போட்டிருக்க வேணும்?” என்றார் நவரட்ணம், குரலைத் தாழ்த்தி.

“விழா அன்னிக்கே கேட்டாங்கய்யா. வெள்ளி பூரா பதக்கத்துக்குப் போயிருச்சு, வயித்துக்கு மிச்சமில்லன்னேன்.” பத்தர் துரையைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டார். “‘பரவால்ல பத்தரே, வலி எங்கேருந்து வருதோ அதுவே கையில இருக்கு’ன்னு இருசம்மா சொல்லிருச்சுங்க.”