வாய்க்கு வந்த வியாதிகள்

"கொலைகாரனைத் துரத்திட்டு ஓடற போலீஸ்காரன் 'அடக் கஷ்டமே'ன்னா சொல்வான், மர்லிஸ்?"

போனில் கேட்டவள் டிவி நிறுவனத்து எஸ்தர். அந்த ஆங்கிலத் தொடருக்கு டச்சு சப்டைட்டில் எழுதுவது மர்லிஸின் வேலை.

"நேயர் ஒருத்தர் போன் பண்ணி எங்களைக் கிழிச்சுட்டார். பார்த்து எழுது."

போலீஸ்காரன் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று மர்லிஸுக்குத் தெரியாதா? ஆனால் எங்கள் டச்சு பாஷையில் மனதாரத் திட்ட வேண்டுமென்றால் கடவுளை இழுக்க வேண்டும், இல்லையென்றால் காலராவையும் டைபாய்டையும் இழுக்க வேண்டும். மாமனார் ஹைஸ்பெர்ட் இரண்டையும் பொறுக்க மாட்டார். துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சர்ச்சில் மூப்பராகிவிட்ட மனிதர். மூப்பர் வீட்டில் டிவி இருக்கக் கூடாதாம். மகன் வீட்டில் பார்த்தால் பாவமில்லையாம். சனிக்கிழமை தவறாமல் வந்து அந்தத் தொடரைத்தான் பார்ப்பார். எழுதுவது மருமகள் என்று அவருக்குத் தெரியாது. மருந்துப் பெட்டிக்குள் வரும் குறிப்புச் சீட்டுகளை மொழிபெயர்க்கிறாள் என்று மகன் ப்ராம் சொல்லி வைத்திருந்தான்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என் முகத்துலயே முழிக்க மாட்டார்."

"கொஞ்சமா காரம் சேர்த்துப் பாரேன்," என்றான் ப்ராம்.

அடுத்த வாரம் போலீஸ்காரன் "சனியனே" என்றான். திங்கட்கிழமையே எஸ்தர் கூப்பிட்டாள்.

"அதே ஆள்! சர்ச் பிள்ளைங்க நாடகம் மாதிரி இருக்காம். இன்னொரு தடவை புகார் வந்தா தொடரை வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. சாரிடி."

மர்லிஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமனாராவது மண்ணாங்கட்டியாவது! ஒரு வியாதி விடாமல் எழுதி அனுப்பினாள்.

சனிக்கிழமை ஹைஸ்பெர்ட் வழக்கம்போல் காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டுமாக சோபாவில் உட்கார்ந்தார். முதல் காட்சியிலேயே போலீஸ்காரன் காலைக் கதவில் இடித்துக்கொண்டான். திரையின் அடியில் காலரா வந்தது. பின்னாலேயே டைபாய்டு. காசநோய் வந்தபோது மாமனார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாமா, சேனலை மாத்திடட்டுமா?" மர்லிஸ் ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"சும்மா இரும்மா." சர்ச்சில் பிரசங்கத்தின்போது சப்பவென்று வைத்திருக்கும் பெப்பர்மின்ட்டை எடுத்து அவளுக்கும் ஒன்று நீட்டினார். "காலமெல்லாம் இங்கிலீஷ் கப்பல்காரனுங்ககிட்டத் திட்டு வாங்கினவன் நான். என்னையா ஏமாத்தறது? ரெண்டு தடவை போன் பண்ணி நறுக்குன்னு கேட்டப்புறந்தான் எழுதற பயலுக்குப் புத்தி வந்திருக்கு!"