கிட்டாருக்கு வைத்த பொட்டு

எங்கே வேலை முடிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே வேலை செய்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். மைசூர் விஜயநகரில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் 'இன்னொரு கோட்' சார். பெற்றவர்கள் வைத்த பெயர் கேட்டில் எழுதியிருக்கிறது. தபால்காரரைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை.

ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஆன கையோடு பரணிலிருந்து தன் பழைய எலக்ட்ரிக் கிட்டாரை இறக்கினார். வாலிபத்தில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தது. இப்போது மேல்பூச்சு உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. நவம்பரில் கர்நாடகம் பிறந்த நாளான கன்னட ராஜ்யோத்சவத்துக்கு எங்கள் தெருவில் மேடை போடுவார்கள். சங்கத்துக்காரர்கள் வந்து கேட்டதும், கிட்டாரைப் புதுசாக்கிவிட்டு வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கம்பிகளைக் கழற்றினார். கழுத்தைத் தனியாகப் பிரித்து பீரோவில் மனைவியின் புடவைகளுக்கு நடுவே படுக்கவைத்தார். உடம்பை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்புக்கு லேக்கர் ஸ்ப்ரே அடித்து, கீழே கொல்லையில் துணி உலர்த்தும் கொடியில் மாட்டினார். அன்றைக்கு எங்களுக்குப் பிடித்தது சனி.

மொட்டை மாடியில் மெத்தை தட்டக்கூடாது, தூசி பறக்கும். ஊதுபத்தி ஏற்றக்கூடாது, சாம்பல் விழும். தாளிக்கவும் கூடாது, எண்ணெய்ப் புகை இறங்கிவந்து லேக்கரில் உட்காருமாம். வாணலியை அடுப்பில் வைத்தாலே படியேறி வந்து நிற்பார்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா. இன்னொரு கோட் அடிச்சா முடிஞ்சுது."

தாளிக்காத சாம்பாரைப் பற்றி என் கணவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்த இன்னொரு கோட் முடிகிற வழியாக இல்லை. ஒரு கொசு வந்து ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்திருக்கும்; பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. அவர் மட்டும் மறுபடி மரம் தெரியும்வரை தேய்த்துவிடுவார். நவம்பர் வந்தது, போனது. அடுத்த நவம்பரும் அப்படியே.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சண்டைக்கே இறங்கிப் போனேன். அவர் மனைவி ஜெயந்தி அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்து காபி கொடுத்தார்.

"கிட்டார்ல ஒரு குறையும் இல்லம்மா. அவருக்கு வாசிக்கப் பயம். விரல் முன்ன மாதிரி ஓடாதோன்னு. மேடையில அவர் வாசிச்சதக் கேட்டுத்தான் நான் கட்டிக்கிட்டேன். இன்னொரு தடவை கேட்டுட்டாப் போதும் எனக்கு."

சண்டைக்குப் போனவள் டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு மேலே வந்தேன்.

போன தசராவில் ஆயுத பூஜை. மைசூரில் அன்றைக்குப் பொட்டு வாங்காமல் ஒரு பொருளும் தப்ப முடியாது. ஸ்கூட்டர், மிக்ஸி, லேப்டாப், தண்ணீர் மோட்டார், எல்லாவற்றுக்கும் குங்குமம். சார் காலையில் கிட்டாருக்கு ஒரு கோட் அடித்துவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் கீழே ஓடினோம்.

கிட்டாரின் நடுமார்பில் குங்குமப் பொட்டு. ஈர லேக்கரில் விரல்ரேகையோடு பதிந்துபோயிருந்தது.

சார் விறுவிறுவென்று உள்ளே போய் உப்புத்தாளோடு வந்தார். ஜெயந்தி அக்கா பூஜைத் தட்டோடு நின்றார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"தேய்ங்க. ஆயுத பூஜை அன்னிக்கு நான் என் கையால வச்ச குங்குமம். அழிக்க மனசு வந்தா அழிச்சுக்கோங்க."

சார் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது காயவே மூணு வாரம் ஆகும்" என்று முணுமுணுத்தார்.

"நவம்பருக்குச் சரியா இருக்கும்" என்றார் அக்கா.

இத்தனை நாள் லேக்கர் வாசனையில் குடித்தனம் நடத்திய அக்காவுக்கு எது ஈரம், எது காய்ந்தது என்று தெரியாமலா இருக்கும்? நான் கேட்கவில்லை.

ராஜ்யோத்சவ மேடையில் சார் வாசித்தார். விரல் பல இடங்களில் சறுக்கியது. ஒரு பாட்டின் நடுவில் பாடகர், சார் வாசித்து வந்து சேரும்வரை காத்திருந்தார். முன்வரிசையில் தலை நிறைய மல்லிகையோடு உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் வாசிக்கிறார். அதே இடத்தில் அதே சறுக்கல். தாளிக்க எனக்கு முழுச் சுதந்திரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் வாசித்து முடிக்கும்வரை, எண்ணெய் காய்ந்தாலும் நான் கடுகு போடுவதில்லை.